டைமண்ட் ராணியும் மாண்ட்ரியல் மருத்துவமனையும்

'மூளைச்சலவை' என்னும் சொல் நம் அரசியல் மேடைகளிலும் நாளிதழ்த் தலையங்கங்களிலும் தாராளமாகப் புழங்குகிறது. கட்சி மாறியவரையும், மதம் மாறியவரையும், காதலித்து வீட்டை விட்டுச் சென்ற பெண்ணையும் இந்த ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட்டு நாம் அப்பால் நகர்ந்துவிடுகிறோம். ஏதோ மருத்துவ நூலிலிருந்து வந்த சொல் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு பத்திரிகையாளர் பரப்பிய சொல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவமைப்பான ஓ.எஸ்.எஸ்.ஸில் பணிபுரிந்த எட்வர்ட் ஹண்டர், 1950 செப்டம்பரில் 'மயாமி நியூஸ்' நாளிதழில் எழுதிய கட்டுரையில் இதைப் பயன்படுத்தினார். சீனத்தில் 'மூளையைக் கழுவுதல்' என்று பொருள்படும் தொடரை அவர் ஆங்கிலமாக்கினார். அந்த ஆங்கிலத்தை நாம் தமிழாக்கிக்கொண்டோம்.

நினைவை மாற்றி ஆளையே மாற்றிவிடும் அறிவியல் புனைகதைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பிலிப் கே. டிக்கிலிருந்து தொடங்குவர். நான் இந்தச் சொல்லிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஆய்வகத்தில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் அது கதையாவதே அறிவியல் புனைகதையின் வழக்கம். இங்கே நடந்தது தலைகீழ். முதலில் அச்சம் வந்தது, பின்பு அதற்கொரு பெயர் வந்தது. ஆய்வகம் அதன் பிறகே வந்தது.

கொரியப் போரில் (1950-53) சிறைப்பட்ட அமெரிக்க விமானிகள் சிலர், தாங்கள் கிருமிக் குண்டுகளை வீசியதாக வாக்குமூலம் அளித்தனர். கர்னல் ஃபிராங்க் ஷ்வேபிள் என்ற உயர் அதிகாரியும் அவர்களுள் ஒருவர். போர் முடிந்தபின் 21 அமெரிக்கச் சிப்பாய்கள் நாடு திரும்ப மறுத்துச் சீனாவுக்குச் செல்லத் துணிந்தனர். பசி, தூக்கமின்மை, தனிமை, அச்சம் ஆகியவற்றால் மனிதன் எதையும் ஒப்புக்கொள்வான் என்பது ஊரறிந்த செய்தி. நம் காவல்நிலையங்கள் அறியாததா? ஆனால் அமெரிக்கப் பெருமிதத்துக்கு அந்த எளிய விளக்கம் போதவில்லை. எதிரியிடம் ஏதோ மாயக்கலை இருக்கிறது என்று நம்புவது அதைவிட ஆறுதலாக இருந்தது. 1953 ஏப்ரல் 10 அன்று சி.ஐ.ஏ. தலைவர் ஆலன் டல்லஸ், மனித மூளையைக் குறிவைக்கும் போர் பற்றிப் பொதுமேடையில் எச்சரித்தார். மூன்றே நாள்களில், ஏப்ரல் 13 அன்று, அதே கலையைத் தாமும் கற்றுக்கொள்ளும் பொருட்டு 'எம்.கே. அல்ட்ரா' திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கினார்.

ரிச்சர்ட் காண்டனின் 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' நாவல் 1959இல் வந்தது. ஜான் ஃபிராங்கன்ஹைமர் அதை 1962இல் படமாக்கினார். கொரியாவில் சிறைப்பட்ட ஒரு படைக்குழுவின் நினைவுகள் மாற்றப்படுகின்றன. ரேமண்ட் ஷா தங்களைக் காப்பாற்றிய மாவீரன் என்று அனைவரும் மனமார நம்புகிறார்கள். ஷாவோ தன்னை அறியாமலேயே ஒரு கொலைக்கருவி. சீட்டுக்கட்டில் டைமண்ட் ராணியைக் கண்டதும் அவன் கட்டளைக்குப் பணிவான். படத்தில் என்னால் மறக்க இயலாத காட்சி ஒன்று உண்டு. பூச்செடி வளர்க்கும் மாதர் சங்கக் கூட்டமொன்றில், ஹைட்ரேஞ்சா மலர்களைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சிப்பாய்கள் எண்ணுகிறார்கள். கேமரா மெல்லச் சுற்றிவர, சீமாட்டிகளின் இடத்தில் ரஷ்ய, சீன அதிகாரிகள் அமர்ந்திருக்கிறார்கள். சிரிப்பும் நடுக்கமும் ஒருசேர எழும் அத்தகைய காட்சியைப் பின்னர் வந்த எத்தனையோ படங்கள் முயன்றும் எட்டவில்லை.

பிலிப் கே. டிக்கின் 'வி கேன் ரிமெம்பர் இட் ஃபார் யூ ஹோல்சேல்' சிறுகதை 1966 ஏப்ரலில் வெளியானது. செவ்வாய்க் கோளுக்குச் செல்லப் பணமில்லாத எளிய எழுத்தர் குவெய்ல், சென்றுவந்த நினைவையாவது விலைக்கு வாங்க ஒரு நிறுவனத்தை நாடுகிறான். மயக்க மருந்து கொடுத்ததும், அவன் உண்மையிலேயே அங்கு சென்ற அரசுக் கொலையாளி என்பதும் அந்த நினைவு அழிக்கப்பட்டிருப்பதும் வெளிப்படுகின்றன. 1990இல் 'டோட்டல் ரீகால்' படம் இக்கதையை அர்னால்டின் தோள்களில் ஏற்றியது. எனக்குக் கதையே உயர்ந்தது. அந்த எழுத்தர் கடைசிவரை எழுத்தராகவே இருக்கிறார்.

இவ்விரு கதைகளுக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்றுண்டு. அழிக்கப்பட்ட நினைவு அழிவதில்லை. காண்டனிடம் அது கெட்ட கனவாகத் திரும்புகிறது. டிக்கிடம் மயக்கத்தில் மேலெழுகிறது. துர்வாசரின் சாபத்தால் சகுந்தலையை மறந்த துஷ்யந்தனுக்கு மோதிரத்தைக் கண்டதும் எல்லாம் மீண்டது போலத்தான். சாபத்தின் இடத்தில் மருந்து, மோதிரத்தின் இடத்தில் சீட்டு, அவ்வளவே வேறுபாடு. விதிவிலக்காக நிற்பது கிறிஸ்டோபர் நோலனின் 'மெமண்டோ' (2000). அதன் நாயகனுக்குப் புதிய நினைவு எதுவும் பதிவதில்லை, அந்தக் குறையை அவனே தன்னை ஏமாற்றிக்கொள்ளப் பயன்படுத்துகிறான். நம் 'கஜினி' (2005) அந்தக் கசப்பை விட்டுவிட்டுப் பச்சை குத்திய உடலை மட்டும் எடுத்துக்கொண்டது. அதில் வில்லன் ஐயத்துக்கு இடமின்றி வில்லனே.

அத்தகைய மறதி உண்மையில் நேர்ந்த ஒருவரை மருத்துவ உலகம் நன்கறியும். 1953இல் வலிப்பு நோய்க்காக மூளை அறுவை செய்யப்பட்ட ஹென்ரி மொலைசன் அதன்பின் புதிய அனுபவங்களை நினைவில் இருத்த இயலாதவரானார். அவரைப் பல்லாண்டு பொறுமையாக ஆராய்ந்தவர் மாண்ட்ரியல் நகரின் பிரெண்டா மில்னர். அதே மாண்ட்ரியலில், அதே மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆலன் நினைவு நிலையத்தில், வேறொருவர் வேறு வகையில் நினைவோடு விளையாடிக்கொண்டிருந்தார்.

அவர் டாக்டர் யூவன் கேமரன். 1945இல் நியூரம்பெர்க் வழக்கின்போது, தனக்கு மறதி என்று சாதித்த நாஜித் தலைவர் ருடால்ஃப் ஹெஸ்ஸைப் பரிசோதித்த மருத்துவக் குழுவில் இருந்தவர். அந்த மறதி நடிப்பு என்று ஹெஸ்ஸே பின்னர் நீதிமன்றத்தில் அறிவித்தார். கேமரனின் நோயாளிகளுக்கு நேர்ந்த மறதியோ நடிப்பன்று. பழைய மனத்தைத் துடைத்தெடுத்தால் அங்கே நலமான மனத்தை எழுதலாம் என்பது அவருடைய கொள்கை. வாரக்கணக்கில் மருந்துத் தூக்கம், வழக்கத்தைவிடப் பன்மடங்கு கடுமையான மின்னதிர்ச்சி, ஒலிநாடாவில் ஒரே வாசகத்தை ஆயிரக்கணக்கான முறை ஒலிக்கச் செய்தல் எனச் சிகிச்சை நடந்தது. வந்தவர்கள் ஒற்றர்களல்லர். நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஓர்லிகோவின் மனைவி வெல்மா, பிள்ளைப்பேற்றுக்குப் பின் நேர்ந்த மனச்சோர்வுக்காகச் சென்றவர்.

கேமரனுக்கு 1957 முதல் சி.ஐ.ஏ.யின் பணம் ஓர் ஆய்வுச் சங்கத்தின் பெயரில் வந்தது. கனடிய அரசும் தனியே நிதி அளித்தது. அச்சங்கத்தை நடத்தியவர் மருத்துவர் ஹெரால்ட் உல்ஃப். கம்யூனிஸ்டுகளிடம் மாயக்கலை ஏதுமில்லை, தனிமையும் களைப்பும் தூக்கமறுப்புமாகிய பழைய போலீஸ் முறைகளே உள்ளன என்று 1956இலேயே ஆராய்ந்து எழுதியவரும் இதே உல்ஃப்தான்! புனைகதை என்று தெரிந்த பின்னும் பணம் நிற்கவில்லை.

புதிய மனம் எவருக்கும் எழுதப்படவில்லை. துடைப்பது மட்டும் நடந்தது. கேமரன் 1964இல் விலகியபின் அந்நிலையமே நடத்திய ஆய்வு 1967இல் வெளிவந்தது. கடுமையான மின்னதிர்ச்சி பெற்று வினாக்களுக்கு விடையளித்தவர்களில் 60 விழுக்காட்டினர், ஆறு மாதம் முதல் பத்தாண்டு வரையிலான தம் முந்தைய வாழ்க்கை நினைவில் இல்லை என்றனர். அவர்களுக்குக் கெட்ட கனவும் வரவில்லை, மோதிரமும் கிடைக்கவில்லை.

1973இல் சி.ஐ.ஏ. தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸின் ஆணைப்படி எம்.கே. அல்ட்ரா கோப்புகள் அழிக்கப்பட்டன. வரவுசெலவுத் தாள்களோடு வேறிடத்தில் கிடந்ததால் தப்பிய சுமார் 20,000 பக்கங்கள் 1977இல் கிடைத்தன. வழக்குத் தொடுத்த கனடியர்களுக்கு 1988இல் அமெரிக்க அரசு மொத்தம் 750,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 1992இல் கனடிய அரசு 77 பேருக்குத் தலா 100,000 டாலர் அளித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோரின் கோரிக்கைகளை மறுத்தது. குழந்தை நிலைக்குத் திரும்பும் அளவுக்கு மனம் துடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. மறுக்கப்பட்டவர்களுள் இளமைக்காலத்தின் பெரும்பகுதி நினைவில் இல்லாத ஒரு பெண்மணி இருந்தார். நாளிதழ்த் தலைப்பொன்றைக் கண்டு, தம் மருத்துவக் கோப்புகளை வரவழைத்துப் படித்த பிறகே தமக்கு நேர்ந்ததை அவர் அறிந்துகொண்டார். அந்தக் கோப்புகளைக் கொண்டு வழக்காடி 2004இல் வென்றார்.