மறதி நோயும் மடியும் நரம்பணுக்களும்



வயது முதிர்ந்தவர்களுக்கு மறதி வருவது இயல்பு. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவதும், ஒரு பேரனின் பெயரைச் சொல்ல வந்து மற்றொரு பேரனின் பெயரைச் சொல்வதும் எல்லா வீடுகளிலும் உண்டு. ஆனால், பெற்ற மகனையே யார் என்று கேட்பதும், நாற்பது ஆண்டுகள் நடந்த பாதையில் வீடு திரும்பத் தெரியாமல் நிற்பதும், சற்று முன் சாப்பிட்டதை மறந்துவிட்டு, "மருமகள் எனக்குச் சோறு போடவில்லை" என்று பக்கத்து வீட்டில் சொல்வதும் இயல்பான மறதி அல்ல. தோட்டத்து லயங்களில் இப்படிப்பட்ட பெரியவர்களைப் பார்த்து, "புத்தி பேதலித்துவிட்டது" என்றார்கள். "காற்றுச் சேட்டை" என்று மந்திரிக்க அழைத்துச் சென்றவர்களும், "வேண்டுமென்றே நடிக்கிறார்" என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. மூளையின் நரம்பணுக்கள் மடிவதால் வரும் நோய் இது. இதை மருத்துவ உலகம் எவ்வாறு கண்டறிந்தது, அந்த அணுக்களைக் காக்க எதைத் தேடியது என்ற வரலாற்றை இன்று காண்போம்.

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஜெர்மன் நாட்டின் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் ஆகஸ்ட் டேட்டர் என்ற பெண்மணி சேர்க்கப்பட்டார். அவருடைய கணவர் ரயில்வேயில் எழுத்தர். அம்மையாருக்கு வயது 51தான். நினைவு தடுமாறியது, காரணமின்றிக் கணவர்மீது சந்தேகம், வீட்டுப் பொருள்களை எங்கெங்கோ ஒளித்து வைத்தார். அவரைக் கவனித்தவர் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர்.

அந்த மருத்துவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. நோயாளியின் அருகில் அமர்ந்து கேள்வி கேட்பார். கிடைத்த பதிலை அப்படியே எழுதி வைப்பார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார். "ஆகஸ்ட்" என்றார் அம்மையார். "கணவரின் பெயர்?" என்று கேட்டபோதும், "ஆகஸ்ட் என்று நினைக்கிறேன்" என்றே பதில் வந்தது. பெயரை எழுதச் சொன்னபோது, "திருமதி" என்ற பொருளுள்ள சொல்லை மட்டும் எழுதிவிட்டு மீதியை மறந்துபோனார். தம்மையே தாம் தொலைத்துவிட்டதாகவும் அவர் கூறினார். அந்தச் சொற்களும் குறிப்பேட்டில் ஏறின.

1903இல் அல்சைமர் அந்த ஊரை விட்டுச் சென்றார். எனினும் அந்த நோயாளியை மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8ஆம் நாள் அம்மையார் காலமானதும், அவருடைய மூளை மியூனிக் நகரிலிருந்த அல்சைமரின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பட்டது. மூளையை மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்பால் சாயமேற்றி, நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். இரண்டு விந்தைகள் தென்பட்டன. அணுக்களுக்கு வெளியே சிறு சிறு படிவங்கள் திட்டுத் திட்டாகக் கிடந்தன. அணுக்களுக்கு உள்ளே நூல் சிக்கல்போல இழைகள் முறுக்கிக் கிடந்தன. சில இடங்களில் அணுவே அழிந்துபோய், அது இருந்த இடத்தைக் காட்டும் அடையாளமாகச் சிக்கல் மட்டும் எஞ்சியிருந்தது. மூளைப் புறணியின் நரம்பணுக்களில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இவ்வாறு மாறியிருப்பதாக அவர் எழுதினார்.

அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இந்தக் கண்டுபிடிப்பை எடுத்துரைத்தார். கூடியிருந்தவர்களில் ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை! 1910இல் அவருடைய தலைவர் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். அதன் பிறகும் பல்லாண்டுகள் இது நடுத்தர வயதினருக்கு எப்போதாவது வரும் அரிய நோய் என்றே கருதப்பட்டது. முதியவர்களின் தடுமாற்றத்தை முதுமையின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

1968இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகர ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். மறதியுற்று இறந்த முதியோரின் மூளைகளில் இருந்த படிவங்களை எண்ணிப் பார்த்தார்கள். படிவம் மிகுந்திருந்தவர்களுக்கு உயிரோடிருந்தபோது தடுமாற்றமும் மிகுந்திருந்தது தெரிந்தது. அல்சைமர் கண்ட அதே நோய்தான் முதியவர்களையும் தாக்குகிறது என்ற உண்மை மெல்ல மெல்ல நிலைபெற்றது.

சரி, அந்தப் படிவம் எதனால் ஆனது? 1984இல் அமெரிக்க அறிஞர்கள் ஜார்ஜ் கிளென்னரும் கெயின் வாங்கும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு பெப்டைடு. அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த நீண்ட மாலையைப் புரதம் என்று கொண்டால், பெப்டைடு ஒரு சிறு மணிச்சரம். நரம்பணுவின் மேலுள்ள பெரிய புரதம் ஒன்று வெட்டுப்படும்போது, ஏறத்தாழ 40 மணிகள் கொண்ட ஒரு துண்டு உதிர்கிறது. அமிலாயிடு பீட்டா என்பது அதன் பெயர். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் நரம்பணுக்களுக்குத் தீங்கு விளைகிறது.

இந்தத் தீங்கு ஒரே நாளில் நேர்வதில்லை. ரப்பர் மரத்தில் வெள்ளை வேர் நோய் வருவதை அறிவீர்கள். இலை மஞ்சளாகிக் கண்ணில் படும்போது, மண்ணுக்குள்ளே வேர் அழுகிவிட்டிருக்கும். மூளையிலும் அப்படியே. முதல் மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே படிவம் சேரத் தொடங்கிவிடுகிறது.

அணுக்களைக் கொல்வது எது என்று ஒரு சாரார் தேடியபோது, காப்பது எது என்று மற்றொரு சாரார் தேடினார்கள். இந்தத் தேடலுக்கு வழி திறந்தவர் இத்தாலியப் பெண்மணி ரீட்டா லெவி மொண்டால்சினி. யூதர் என்பதால் பல்கலைக்கழகத்தில் இடமிழந்த அவர், போர்க்காலத்தில் தம் வீட்டுப் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழி முட்டைக் கருக்களை ஆராய்ந்தார். நரம்பணுக்களை வாழவைக்கும் புரதம் ஒன்று உடலிலேயே சுரக்கிறது என்பதை 1950களில் அமெரிக்காவில் கண்டறிந்தார். 1986இல் ஸ்டேன்லி கோஹனுடன் நோபல் பரிசு பெற்றார். ஆனால் பெரிய புரதங்கள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகமாட்டா. ஆகவே, காக்கும் ஆற்றலுள்ள சிறிய பெப்டைடுகளை நாடினார்கள்.

2001இல் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் இக்குவோ நிஷிமோட்டோ குழுவினர் செய்த ஆய்வு சுவையானது. அல்சைமர் நோயால் மூளை முழுவதும் ஒரே அளவில் அழிவதில்லை. பார்வைக்குரிய பிடரிப் பகுதி பெரும்பாலும் தப்பி நிற்கிறது. அது தப்பியது எதனால்? இறந்துபோன நோயாளி ஒருவரின் பிடரி மூளையிலிருந்து மரபுச் செய்திகளை எடுத்தார்கள். சாகும்படி செய்யப்பட்ட அணுக்களுக்குள் அவற்றைச் செலுத்தினார்கள். பிழைத்த அணுக்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றைப் பிழைக்கவைத்த செய்தி எது என்று பார்த்தார்கள். கிடைத்தது 24 மணிகளே கொண்ட ஒரு பெப்டைடு! அதற்கு ஹியூமனின் என்று பெயரிட்டார்கள். அதில் 14ஆவது மணியை மட்டும் மாற்றியபோது, ஆய்வுக்கூட அணுக்களில் அதன் ஆற்றல் ஆயிரம் மடங்கு பெருகியது.

இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் இல்லானா கோசஸ் கண்டறிந்த மற்றொரு பெப்டைடில் எட்டே மணிகள். மூக்கு வழியாகத் தெளிக்கும் மருந்தாக்கி, அல்சைமருக்கு நெருங்கிய வேறொரு மூளை நோயுள்ள முந்நூறுக்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை என்ற முடிவு 2014இல் வெளிவந்தது. ஹியூமனினும் இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. தட்டில் வளரும் அணுவுக்கும் எலிக்கும் உதவுவதெல்லாம் மனிதனுக்கு உதவிவிடுவதில்லை. ஆகவே, "மறதிக்கு மருந்து" என்று யாராவது புட்டியில் விற்க வந்தால் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

அமிலாயிடை அகற்றும் லெக்கனமாப் என்ற ஊசி மருந்துக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு நோயின் வேகத்தை அது ஓரளவு குறைக்கிறது. இழந்த நினைவைத் திருப்பித் தருவதில்லை. மூளை வீக்கம், இரத்தக் கசிவு ஆகிய ஆபத்துகளும் உண்டு.

நேயர்களே, மடிந்த நரம்பணுவை மீட்கும் மருந்து இன்றில்லை. ஆயினும் நம்மால் ஆவன சில உண்டு. இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் கட்டுப்படுத்துவதும், புகைப்பதை விடுவதும், காது மந்தமானால் கருவி பொருத்துவதும், தனித்துக் கிடக்காமல் பழகுவதும் நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. மறதி மிகுந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, உயிர்ச்சத்துக் குறைவு முதலிய குணமாகக்கூடிய காரணங்களும் இருக்கக்கூடும்.

"சோறு போடவில்லை" என்று அத்தை சொன்னால், மருமகள் மனம் புண்பட வேண்டாம். சாப்பிட்ட நினைவைப் பதித்து வைக்கும் அணுக்கள் அவரிடம் இல்லை. "இப்போதுதானே சாப்பிட்டீர்கள்!" என்று வாதாடுவதைவிட, ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து அருகில் அமர்வது நல்லது. பிராங்க்பர்ட் மருத்துவரும் முதலில் செய்தது அதுதான்: அருகில் அமர்ந்தார், சொல்வதைக் கேட்டார்.