ஆநிரை கவர்ந்தவனின் கல்

தொல்லியல் படிக்கும் மாணவர் பலருக்குக் களப்பணி என்றதும் எகிப்தின் செங்கடல் கரை கனவில் வரும். அங்குள்ள குசைர் அல்-காதிம் துறைமுகத்தில் 1978 முதல் அமெரிக்கக் குழுவினர் தோண்டியபோது, கண்ணன், சாத்தன் என்ற பெயர்களைத் தமிழ்ப் பிராமியில் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. 1995இல் பெரெனிகே துறைமுகத்தில் கொற்றபூமான் என்ற பெயர் வந்தது. ஆப்பிரிக்கக் கரை வரை கப்பலேறிய வணிகருக்கு எழுதத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை. சரக்கு யாருடையது என்று தெரிந்தாக வேண்டுமே!

கடலையே பார்க்காத, மாடு கன்றோடு மலையடிவாரத்தில் வாழ்ந்தவர்களுக்கு?

விடை தேனி மாவட்டத்திலிருந்து வந்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல், தொல்லியல் துறையில் பேராசிரியர் கா. ராஜனிடம் ஆய்வு மாணவர்களாக இருந்த யத்தீஸ்குமாரும் செல்வகுமாரும் 2006இல் வைகைப் படுகையில் ஊர் ஊராகக் களஆய்வு செய்துவந்தார்கள். மேற்பரப்பு ஆய்வுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. உழுத நிலத்தில் கருப்பு சிவப்பு ஓடு கிடக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மேய்ச்சல்காரரிடம் தாழி உடைந்து கிடக்கும் இடத்தைக் கேட்டறிய வேண்டும். வெயிலில் நடக்க வேண்டும். அப்படி நடந்தபோதுதான் ஆண்டிபட்டி வட்டாரத்துப் புலிமான்கோம்பையில் எழுத்துள்ள மூன்று கற்கள் அகப்பட்டன.

அவற்றில் ஒன்று ஏறக்குறைய முழுதாக வாசிக்கக் கிடைத்தது: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட தீயன் அந்தவனுக்கு நட்ட கல் என்று பொருள் கொள்கிறார்கள். வாளேந்திய வீரனோ மாடோ இதில் இல்லை. பிற்கால நடுகற்களில்தான் அந்த உருவங்கள் வரும். இங்கே எழுத்து மட்டுமே. காலத்தைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டு முதல் 2ஆம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் பலவாறாகக் கணிக்கிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் இந்தியாவில் இதுவரை கிடைத்த எழுத்துடைய நடுகற்களில் மிகப் பழையவை இவையே.

அதுவரை தமிழ்ப் பிராமி என்றால் முதலில் நினைவுக்கு வந்தவை மதுரையைச் சுற்றியுள்ள குகைத்தளங்கள். மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டார். இத்தகைய கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். அவற்றில் வருபவர்கள் அரசர், அதிகாரிகள், வணிகர், சமணத் துறவியர். நடுகற்கள் என்றாலோ செங்கம், தருமபுரிப் பக்கத்தில் கிடைத்தவைதான் முன்னால் நின்றன. அவை இவற்றுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. ஆகோளையும், கல் நட்டுப் பெயர் பொறிக்கும் வழக்கத்தையும் தொல்காப்பியமும் சங்கப் பாடல்களும் பேசினாலும், கையில் சான்று இல்லாததால் அதைப் புலவர் கற்பனை என்று ஒதுக்க இடமிருந்தது. இரண்டு மாணவர்களின் நடை அந்த இடத்தை அடைத்துவிட்டது. மாட்டுக்காகச் செத்த ஒருவனின் பெயரைக் கல்லில் வெட்ட ஓர் ஆளும் அதை வாசிக்கச் சிலரும் இந்த உள்நாட்டு ஊரில் இருந்திருக்கிறார்கள். செங்கடல் ஓடுகளைவிட இது பெரிய செய்தி.

கூடலூர் என்றதும் இந்தப் பக்கத்துக்காரருக்கு லோயர் கேம்ப் போகும் வழியில் உள்ள கூடலூர் நினைவுக்கு வரும். கல்லில் உள்ளது அந்த ஊர்தான் என்று அறுதியிட முடியாது. அந்தப் பெயரில் ஊர்கள் பல. ஆனால் மாடே செல்வமாக இருந்த வாழ்வு கம்பம் பள்ளத்தாக்கை விட்டு இன்னும் போகவில்லை. மலைமாடுகளைக் கிடைபோட்டு மேய்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. காட்டுக்குள் மாடு விடலாமா என்ற வழக்கு 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கம்பத்துத் தம்பிரான் மாட்டுத்தொழுவில் நேர்ந்துவிட்ட மாடுகளே வழிபாட்டுக்கு உரியவை. பட்டத்துக்காளைக்குத் தனி மரியாதை. மாட்டுப்பொங்கலன்று அங்கே கூட்டம் அலைமோதும்.

புலிமான்கோம்பையோடு அந்த மாணவர்கள் நின்றுவிடவில்லை. பழனிக்கு அருகே பொருந்தலில் ராஜன் நடத்திய அகழாய்வில் பங்கேற்றார்கள். அங்கே எழுத்துள்ள புரிமனையோடு கிடைத்த நெல்லை ஆய்வகத்தில் சோதித்தபோது கி.மு. 490 என்ற காலம் வந்தது. 2009இல் ஆசிரியரும் இருவரும் சேர்ந்து தமிழகத் தொல்லியல் இடங்களின் பட்டியலை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்கள். தாழிக்காடுகள் வாழைத்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறிவரும் இன்று, தேனிப் பக்கம் களத்துக்குப் போகிற மாணவர் முதலில் புரட்ட வேண்டிய நூல் அது.