விளையாட்டுவழி அனுமதி

விளையாட்டுத் திறமையைத் தகுதியாகக் கொண்டு உயர்கல்வி நிறுவனம் மாணவரைச் சேர்ப்பது விளையாட்டுவழி அனுமதி. அமெரிக்காவின் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் இது செல்வர் நுழையும் பக்கவாசலாகவும் இருக்கிறது. பாய்மரப் படகோட்டம், ஸ்குவாஷ், வாட்போர் முதலியவற்றுக்குக் கருவியும் பயிற்சியும் விலையுயர்ந்தவை. களத்தில் இறங்குமுன்பே பணம் ஆட்களை வடிகட்டிவிடுகிறது. ஒரே பரீட்சைப் புள்ளி பெற்றாலும், நடுத்தரக் குடும்பத்தாரைவிட மேல்தட்டு 1 வீதத்தாரின் பிள்ளைகள் அங்கு சேர்ந்து படிக்கும் வாய்ப்பு இருமடங்குக்கு மேல் எனப் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவின் 2023 ஆய்வு காட்டியது. அனுமதி வழங்கலில் அவர்களுக்குள்ள சாதகத்தில் ஏறத்தாழக் கால்பங்குக்கு விளையாட்டுச் சேர்க்கையே காரணம். பயிற்றுநருக்குக் கையூட்டுக் கொடுத்துப் பிள்ளைகளைப் போலி வீரராக்கிய மோசடியும் 2019 இல் அம்பலமானது.

அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் மகளிர் பாடசாலை நிறுவிய இலங்கையின் உடுவில் ஊர் மாணவிக்கோ, அரச பல்கலைக்கழக அனுமதியைப் பெரும்பாலும் உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளியே தீர்மானிக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. இங்கும் டியூசன் வழியே பணம் பேசுகிறது. விளையாட்டும் உழைப்பின் கனியே என்பார்கள். இந்த இரு கூற்றுகளும் உண்மை. ஆயினும் பரீட்சைக்கு எல்லோரும் அமரலாம். பாய்மரப் படகை எல்லோரும் வாங்க முடியாது. எனவே ஊர்ப் பாடசாலை முற்றத்தில் ஆடக்கூடிய விளையாட்டுக்குத் தரும் சலுகையே நியாயமானது.