ராஜ்மாவும் மெக்சிகன் பீன்ஸும் ஒன்றா? காய்ந்த பயறிலிருந்து புகை மணக்கச் சமைப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மதியம் பரிட்டோ பௌல் ஆர்டர் செய்கிறோம். சாதம், சோளம், கொஞ்சம் சீஸ், நடுவில் ஒரு கரண்டி பீன்ஸ். காரம், லேசான புளிப்பு, அதற்குப் பின்னால் தொண்டையில் நிற்கும் ஒரு புகை வாசனை. பில்லைப் பார்த்த பிறகு, 'இதை வீட்டிலேயே செய்ய முடியாதா?' என்று தேடினால், பெரும்பாலான செய்முறைகள் 'ஒரு டின் பீன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்' என்றுதான் ஆரம்பிக்கின்றன.

டின் தேவையில்லை. தெருமுனை மளிகைக் கடையில் கிடைக்கும் காய்ந்த ராஜ்மாவே போதும். ஆனால் டின்னில் இருப்பது ஏற்கெனவே வெந்த பயறு. காய்ந்த பயறை நாம்தான் வேகவைக்க வேண்டும். அங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே ஆகணும்: அரைவேக்காட்டு ராஜ்மா உடம்புக்கு விஷம். அதிலும் 'ஆறு மணி நேரம் அப்படியே விட்டுவிடலாம்' என்று நாம் நம்பி வாங்கும் ஸ்லோ குக்கர், இந்த விஷயத்தில் நிலைமையை மோசமாக்கலாம்.

மெக்சிகன் பீன்ஸ் என்பது எந்தப் பயறு?

மெக்சிகோவில் தினசரி சமையலில் இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று கருப்பு பீன்ஸ். இன்னொன்று, வெளிர் பழுப்பில் புள்ளிகள் கொண்ட பின்டோ. பர்கர் கடைகளும் டெக்ஸ்-மெக்ஸ் உணவகங்களும் பயன்படுத்தும் சிவப்பு கிட்னி பீன்ஸ் நம்ம ஊர் சிவப்பு ராஜ்மாவேதான். இவை எல்லாமே ஒரே தாவர இனம்: ஃபாசியோலஸ் வல்காரிஸ். பொரியலுக்கு நறுக்கும் பச்சை பீன்ஸும் அதே இனத்தின் முற்றாத காய்தான்.

இந்த இனம் அமெரிக்கக் கண்டத்தில் இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பயிராக்கப்பட்டது. மெக்சிகோவை உள்ளடக்கிய மெசோஅமெரிக்கா ஒன்று, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மற்றொன்று. சிறிய மணிகள் கொண்ட கருப்பு பீன்ஸும் பின்டோவும் முதல் வம்சம். பெரிய சிவப்பு ராஜ்மா இரண்டாவது வம்சம். இன்று ஜம்முவின் பதர்வா, உத்தராகண்டின் ஹர்சில், முன்சியாரி போன்ற மலை ஊர்களின் பெயரோடு விற்கப்படும் ராஜ்மாக்களின் பூர்வீகமும் கடல் கடந்துதான் இருக்கிறது.

கடையில் எதை வாங்குவது? சித்ரா ராஜ்மா என்று விற்கும் புள்ளி போட்ட வகை, தோற்றத்திலும் மாவுத்தன்மையிலும் பின்டோவுக்கு நெருக்கமானது. என் ஓட்டு அதற்குத்தான். கருப்பு பீன்ஸ் ஆன்லைனில் கிடைக்கிறது. ஆனால் கருப்பு உளுந்தோ காராமணியோ அதற்கு மாற்று அல்ல. அவை வேறு பேரினம், சுவையும் வேறு.

சரியாக வேகாவிட்டால் என்ன ஆகும்?

இந்தப் பயறில் ஃபைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற புரதம் இருக்கிறது. லெக்டின் வகையைச் சேர்ந்தது. சிவப்பு ராஜ்மாவில்தான் இது மிக அதிகம். வெள்ளை வகையில் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் கையேட்டின்படி, நான்கைந்து பச்சைப் பயறுகளைத் தின்றாலே போதும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், கடும் வாந்தி, பின்னர் வயிற்றுப்போக்கு. பெரும்பாலானோர் சில மணி நேரத்தில் தேறிவிடுகிறார்கள், ஆனால் சிலருக்கு மருத்துவமனை தேவைப்படுகிறது.

நச்சின் அளவை அதே கையேடு ஓர் அலகில் தருகிறது. பச்சை சிவப்பு ராஜ்மாவில் 20,000 முதல் 70,000 வரை. முழுமையாக வெந்ததில் 200 முதல் 400 வரை. அதாவது ஒழுங்காகக் கொதிக்கவைத்தால் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடுகிறது. சிக்கல் நடுவில்தான்: 80 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் சூடாக்கினால் நச்சுத்தன்மை ஐந்து மடங்கு வரை கூடக்கூடும் என்கிறது கையேடு. ஸ்லோ குக்கரில் வைத்த உணவுகளின் உள்வெப்பம் பல நேரங்களில் 75 டிகிரியைத் தாண்டவில்லை என்றும் அதிலேயே பதிவாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பச்சை ராஜ்மாவை நேரடியாக ஸ்லோ குக்கரில் போடக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

'எங்க வீட்ல யாருக்கும் எதுவும் ஆனதில்லையே?' என்று கேட்கலாம். காரணம் எளிது, இந்திய வீடுகளில் ராஜ்மா பிரஷர் குக்கரில் வேகிறது. அங்கே வெப்பம் சுமார் 120 டிகிரி வரை போகும். குக்கர் பழக்கம் இல்லாத இடங்களில் கதை வேறு. பிரிட்டனில் 1976 முதல் 1989 வரை சந்தேகத்துக்குரிய 50 ராஜ்மா நச்சு சம்பவங்களை ஓர் ஆய்வு அலசியிருக்கிறது. ஜப்பானில் 2006ஆம் ஆண்டு, வெள்ளை ராஜ்மாவை சில நிமிடங்கள் வறுத்துப் பொடித்துச் சாதத்தில் தூவிச் சாப்பிட்டால் எடை குறையும் என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி சொன்னது. அதைச் செய்துபார்த்த சுமார் 1,000 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 100க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். வறுப்பது வேகவைப்பதற்கு ஈடாகாது.

உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை: குறைந்தது 12 மணி நேரம் ஊறவைத்து, பிறகு தண்ணீரில் குறைந்தது 10 நிமிடங்கள் தளதளவெனக் கொதிக்கவைக்க வேண்டும். அமெரிக்க நிர்வாகம் 5 மணி நேர ஊறல், புதுத் தண்ணீர், 30 நிமிடக் கொதிப்பு என்கிறது. ஸ்லோ குக்கர்தான் வேண்டுமென்றால், இந்தக் கொதியை அடுப்பில் முடித்துவிட்டு அதற்கு மாற்றுங்கள்.

ஊறவைக்கும் தண்ணீரில் உப்பு போடலாமா?

போடலாம், போடணும். 'உப்பு போட்டால் பயறு வேகாது' என்பது பல வீடுகளில் சட்டம் மாதிரி சொல்லப்படுகிறது. நடப்பது நேர்மாறு. பயறின் தோலைக் கெட்டியாக வைத்திருப்பது பெக்டினும், அதைப் பிணைத்திருக்கும் கால்சியம், மெக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தைப் பிடிக்கும்போது தோல் இளகுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு சரியாக இருக்கும்.

பயறை உண்மையிலேயே வேகவிடாமல் செய்வது புளிப்பு. முதல் முறை செய்தபோது நான் தக்காளி, எலுமிச்சைச் சாறு, பயறு எல்லாவற்றையும் ஒன்றாகப் பாத்திரத்தில் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்தும் கடித்தால் 'நறுக்'கென்றது. அன்று இரவு முட்டை தோசைதான். தக்காளி, வினிகர், எலுமிச்சை எல்லாம் பயறு வெந்த பிறகே.

கடின நீரும் இதே வேலையைச் செய்யும். போர்வெல் தண்ணீர் வரும் ஃபிளாட்டில் இருந்தால் சமையலுக்கு ஆர்ஓ நீரைப் பயன்படுத்துங்கள், அல்லது ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேருங்கள். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு ருசி வந்துவிடும். வெப்பமும் ஈரமும் உள்ள அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பயறு என்ன செய்தாலும் லேசில் வேகாது. பாக்கெட்டில் பேக்கிங் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

கோடையில் 12 மணி நேரம் வெளியே ஊறினால் நுரை வந்து புளித்துவிடும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் வாயுத் தொல்லைக்குக் காரணமான ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும்.

அந்தப் புகை வாசனை எங்கிருந்து வருகிறது?

பயறிலிருந்து அல்ல, மிளகாயிலிருந்து. அதன் பெயர் சிபோட்லே. ஆஸ்டெக் மக்களின் நவாட்ல் மொழியில் 'புகைபோட்ட மிளகாய்' என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. ஹலபேன்யோ மிளகாயைச் செடியிலேயே சிவக்கப் பழுக்கவிட்டு, விறகுப் புகையில் உலர்த்தினால் அது சிபோட்லே. ஏன் வெயிலில் காயவைக்கவில்லை? ஹலபேன்யோவின் தோலும் சதையும் தடிமன். நம்ம குண்டூர் மிளகாய் போலச் சட்டென்று காயாது, காய்வதற்குள் அழுகிவிடும். கெடாமல் வைக்கக் கண்டுபிடித்த வழிதான் இன்று சுவையாக விற்பனையாகிறது.

பெருநகரங்களில் இறக்குமதி உணவுக் கடைகளிலும் ஆன்லைனிலும் இது இரண்டு வடிவங்களில் கிடைக்கும்: காய்ந்த மிளகாயாக, அல்லது அடோபோ என்ற வினிகர்-தக்காளி-பூண்டு சாஸில் ஊறியபடி சின்ன டின்னில். டின்தான் வசதி. ஒரு முறைக்கு இரண்டு மிளகாய் போதும், மீதியை ஐஸ் டிரேயில் உறையவைக்கலாம். சாண்ட்விச் கடைகளில் தரும் 'சிபோட்லே சாஸ்' பெரும்பாலும் மயோனைஸ் கலந்தது. லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

சிபோட்லே கிடைக்கவில்லையா? நான் செய்வது இதுதான். நிறத்துக்கும் மிதமான காரத்துக்கும் நான்கு பியாடகி அல்லது காஷ்மீரி மிளகாய். புகைக்கு ஒரு தேக்கரண்டி ஸ்மோக்டு பாப்ரிகா. இது மெக்சிகோவினுடையது அல்ல, ஸ்பெயினின் லா வேரா பகுதியில் ஓக் மரப் புகையில் உலர்த்தும் மிளகாய்ப் பொடியின் வழி வந்தது. ஆனால் வேலை நடக்கும். அத்துடன் தக்காளி, வெங்காயம், தோலுரிக்காத பூண்டு மூன்றையும் தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் கருகக் கருகச் சுட வேண்டும். இது சமாளிப்பு அல்ல, அசல் மெக்சிகோ முறை. அங்கே கொமால் என்ற தட்டையான கல்லில் இதைச் செய்கிறார்கள்.

வட இந்தியச் சமையலின் துங்காரும் கைகொடுக்கும். நெருப்புக் கரித்துண்டைக் கிண்ணத்தில் வைத்துப் பீன்ஸ் நடுவில் இறக்கி, இரண்டு சொட்டு நெய்விட்டு மூன்று நிமிடம் மூடிவைப்பது. ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுச் செய்யுங்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, சின்ன ஃபிளாட் சமையலறையில் அது விளையாட்டு அல்ல.

சரி, எப்படிச் சமைப்பது?

நான்கு பேருக்கு 250 கிராம் பயறு. ஊறவைத்து வடித்துக் கழுவியதைக் குக்கரில் போட்டு, பயறுக்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். அரை வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு பிரிஞ்சி இலை, அரைத் தேக்கரண்டி உப்பு, நுரை பொங்காமலிருக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய்.

எத்தனை விசில் என்று கேட்காதீர்கள். விசில் ஓர் அளவே அல்ல. குக்கருக்குக் குக்கர், அடுப்புக்கு அடுப்பு மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, 15 முதல் 20 நிமிடம் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு ஆவி தானாக அடங்கட்டும். ஐந்து பயறை எடுத்து நசுக்கிப் பாருங்கள். ஒன்றுகூட நடுவில் கெட்டியாக இருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

இந்த நிலையில் உங்களிடம் இருப்பதற்கு மெக்சிகோவில் தனிப் பெயரே உண்டு: ஃப்ரிஹோலெஸ் தே லா ஓயா, அதாவது பானைப் பயறு. அங்கே எபசோட்டே என்ற காட்டமான மூலிகையையும் போடுவார்கள். இங்கே கொத்தமல்லித் தண்டு போடுகிறேன். அது எபசோட்டே ஆகாது, ஆனாலும் நன்றாக இருக்கிறது. வெந்த தண்ணீரைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். கொட்ட வேண்டியது ஊறிய தண்ணீர். இது குழம்பு.

இனி அடிகனமான சட்டியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயம் பொன்னிறமானதும், அரைத் தேக்கரண்டி சீரகப் பொடி, ஒரு தேக்கரண்டி ஓரிகானோ. பீட்சாவோடு வரும் பாக்கெட்டுகள் இதற்காகத்தான் டிராயரில் காத்திருக்கின்றன. சுட்ட இரண்டு தக்காளி, சுட்ட பூண்டு, இரண்டு சிபோட்லே மூன்றையும் அரைத்து ஊற்றுங்கள். மாற்று மிளகாய் என்றால் சுடுநீரில் 15 நிமிடம் ஊறவைத்து அரையுங்கள்; பாப்ரிகாவைக் கடைசியில் தூவினால் கருகாது. பச்சை வாசனை போய் எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வதக்குவதில் அவசரம் கூடாது. ஏழெட்டு நிமிடம் ஆகும்.

பயறைக் குழம்போடு ஊற்றி, கால்வாசியை மத்தால் சட்டி ஓரத்திலேயே மசியுங்கள். சோளமாவு இல்லாமலே கெட்டிப்படும். சிறு தீயில் 20 நிமிடம். உப்பு பார்த்து, இறக்கிய பிறகு அரை எலுமிச்சை. ஒரு சின்னத் துண்டு வெல்லம் சேர்த்தால் புகையின் கசப்பு தணியும், அது உங்கள் இஷ்டம்.

மறுநாள் மிச்சத்தை எண்ணெயில் மசித்துச் சுருள வதக்கினால் ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸ். ஆங்கிலத்தில் இதை 'இருமுறை பொரித்தது' என்று புரிந்துகொள்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அதன் பொருள் 'நன்றாக வதக்கியது' என்பதுதான். சப்பாத்தியில் சுருட்டி அலுவலகத்துக்கு எடுத்துப்போகச் சரியாக இருக்கும். சோள டார்ட்டிலாவோ சாதமோ உடன் இருந்தால் புரதக் கணக்கும் நேராகிறது: பயறில் லைசின் அதிகம், மெத்தியோனின் குறைவு, தானியங்களில் அதற்கு நேர்மாறு.

டின்னைவிட இது மலிவா?

400 கிராம் டின்னை வடித்தால் கையில் நிற்பது சுமார் 240 கிராம் பயறு. காய்ந்த பயறு வெந்தால் எடை இரண்டரை மடங்கு அளவுக்குக் கூடும். ஆக, அரைக் கிலோ ராஜ்மா பாக்கெட் ஒன்று ஏறக்குறைய ஐந்து டின்களுக்குச் சமம். உங்கள் டெலிவரி செயலியில் இரண்டின் விலையையும் பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். எரிவாயுவையும் ஒரு டின் சிபோட்லேயையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோதும் என் சமையலறையில் பாக்கெட்டே ஜெயித்தது.

ஒரே நேரத்தில் அரைக் கிலோவையும் வேகவைத்துவிடுவது நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். குழம்போடு சேர்த்து ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம். டப்பாவை விளிம்புவரை நிரப்பாதீர்கள், உறையும்போது மூடி கழன்றுவிடும்.