கடல் தாண்டிப் போன முதல் பட்டதாரி

டிகிரி முடிச்ச கையோட பெங்களூரு, புனே, துபாய்னு கிளம்பினவங்க நம்மில் எத்தனையோ பேர். வழியனுப்ப வந்த சொந்தக்காரர் ஒருத்தராவது, "படிக்க வெச்சா எல்லாரும் ஊரை விட்டுத்தான் போறாங்க"ன்னு சொல்லியிருப்பார். இந்தப் புலம்பலுக்கு வயசு எவ்வளவு தெரியுமா? குறைந்தது 170 வருஷம்!

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் வட்டுக்கோட்டை. 1823-ல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே ஒரு கல்விக்கூடம் தொடங்கினாங்க. ஆங்கிலம், கணிதம், வானியல், தமிழ் என்று எல்லாமே உயர்ந்த தரத்தில் சொல்லிக்கொடுத்த இடம் அது. ஆனா 1855-ல் மிஷனே அதை மூடிவிட்டது. ஒரு முக்கியமான காரணம், அங்கே ஆங்கிலம் படிச்ச பையன்கள் மதப் பணிக்கு வராம அரசாங்க வேலை தேடிப் போறாங்க என்பதுதான். கேக்கவே வேடிக்கையா இருக்கு இல்லையா? ஆனா அந்தப் பையன்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. இவ்வளவு படிப்புக்கு ஏற்ற வேலை சின்ன ஊரில் எத்தனை இருக்கும்?

அப்படிக் கிளம்பினவர்களில் ஒருத்தர், சிறுப்பிட்டியில் 1832-ல் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டையில் படிச்சிட்டு, பத்திரிகை வேலைக்காகக் கடல் தாண்டிச் சென்னைக்கு வந்தார். வந்த இடத்தில் 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்குது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் ரெண்டே பேர்: தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்!

சரி, முதல் பட்டதாரி ஆயாச்சு. வீட்டுக்குத் திரும்பினாரா? இல்லை. கள்ளிக்கோட்டையில் வாத்தியார் வேலை, பிறகு சென்னையில் அரசாங்கக் கணக்கு அலுவலகம். வேலை பார்த்துக்கிட்டே 1871-ல் பி.எல். முடிச்சு, கும்பகோணத்தில் வக்கீல் ஆனார். அப்புறம் புதுக்கோட்டையில் நீதிபதி. வீடியோ கால் இல்லாத காலம். ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால்கூட கடிதம் வந்தால்தான் தெரியும்.

சம்பளம், பதவி என்பதோடு அவர் கதை முடிஞ்சிருந்தா இன்னிக்கு நாம அவரைப் பற்றிப் பேசியிருக்க மாட்டோம். பழைய தமிழ் நூல்கள் ஓலைச்சுவடியில் செல்லரிச்சுக்கிட்டு இருந்த நேரம் அது. ஒரு சுவடி அழிஞ்சா ஒரு நூலே போயிடும் என்கிற நிலைமை. ஆபீஸ் வேலைக்கு நடுவே அவர் ஊர் ஊராகச் சுவடிகளைத் தேடினார், ஒப்பிட்டுப் பார்த்தார், அச்சிட்டார். 1881-ல் வீரசோழியம், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை.

கலித்தொகையைத் திறந்தா, கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வருவது பாலைக்கலி. பாலைன்னா பிரிவு. பொருள் சம்பாதிக்கத் தலைவன் கிளம்புறான். போகாதேன்னு வீட்டில் தடுக்கிறாங்க. சம்பாத்தியத்துக்காகச் சொந்த ஊரைப் பிரிஞ்ச ஒருத்தர், வேறொரு ஊரில் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பாட்டுகளைத் திருத்தி அச்சுக்குக் கொடுத்திருக்கார். அப்போ அவர் மனசில் என்ன ஓடியிருக்கும்?

1901-ல் சென்னையிலேயே அவர் காலமானார். அந்தக் காலகட்டத்திலேயே யாழ்ப்பாணத்தின் அடுத்த தலைமுறை, மலாயா ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் குமாஸ்தா வேலைக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. அவங்க அனுப்பின பணத்தில் ஊரில் கல்வீடுகள் எழுந்தன. திண்ணையில் காத்திருந்த அம்மாக்களுக்கு அந்தக் கல்வீடு ஈடாச்சான்னு கேட்டா, என்கிட்ட பதில் இல்லை.

ஊரை விட்டுப் போறது துரோகமும் இல்லை, சாதனையும் இல்லை. போன இடத்தில் என்ன செய்யறோம், எதை மறக்காம வெச்சிருக்கோம் என்பதுதான் கேள்வி. இதை ஏதோ ஒரு பிஜி ரூமில் உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, முடிஞ்சதும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.