ரூத்வெல் கற்சிலுவை

வீட்டில் பழைய அம்மிக்கல் உடைந்துவிட்டால் அதைத் துணி துவைக்கும் இடத்தில் போட்டுவிடுவோம். ஸ்காட்லாந்தின் தென்பகுதியிலுள்ள ரூத்வெல் என்னும் சிற்றூரில் ஒரு பெரிய கற்சிலுவைக்கும் ஏறக்குறைய இதே கதி நேர்ந்தது.

அது எட்டாம் நூற்றாண்டுச் சிலுவை. உயரம் சுமார் 18 அடி. அகலமான இரு பக்கங்களிலும் இயேசுநாதரின் வாழ்க்கைக் காட்சிகள். ஒன்றில், ஒரு பெண் தன் கூந்தலால் அவர் பாதங்களைத் துடைக்கிறாள். குறுகிய பக்கங்களில் ஒரு கொடி மேலேறிச் செல்கிறது; அதன் பழங்களைப் பறவைகளும் விலங்குகளும் தின்கின்றன. கொடியின் இருபுறமும் ரூன் எனப்படும் பழைய எழுத்துகள்.

உருவங்களை வணங்குவது பாவம் என்று கருதிய ஸ்காட்லாந்துத் திருச்சபை, 1640இல் இத்தகைய சின்னங்களை அகற்ற ஆணையிட்டது. 1642இல் சிலுவையை உடைத்தார்கள். துண்டுகள் நெடுங்காலம் தேவாலயத்திற்குள்ளேயே கிடந்தன. பின்னர் வெளியே கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. வெயிலும் மழையும் எழுத்துகளை அரித்தன.

அவ்வூர்ப் போதகர் ஹென்றி டங்கன்தான் அவற்றைச் சேர்த்தெடுத்தவர். இவரை நாம் வேறொரு காரணத்துக்காகவும் அறிந்துகொள்ள வேண்டும். பெரிய வங்கிகள் ஏழைகளின் சில்லறையைத் தொடாத காலத்தில், ஆறு பென்ஸ் இருந்தாலே கணக்குத் திறக்கலாம் என்று 1810இல் இதே ரூத்வெல்லில் சேமிப்பு வங்கி தொடங்கியவர் அவர். காசையும் கல்லையும் சிறுகச் சிறுகச் சேர்த்த மனிதர்! 1823இல் சிலுவையைத் தம் இல்லத் தோட்டத்தில் நிறுத்தினார். குறுக்குக் கை கிடைக்கவில்லை. புதிதாகச் செய்து பொருத்தினார்.

ரூன் எழுத்துகளை ஸ்காண்டிநேவிய மொழி என்று எண்ணிச் சில அறிஞர்கள் தடுமாறினார்கள். 1840இல் ஜான் கெம்பிள் அது பழைய ஆங்கிலம் என்று காட்டினார். இத்தாலியின் வெர்செல்லி நகரில் 1822இல் ஓர் ஏட்டுப்பிரதி கண்டெடுக்கப்பட்டிருந்தது. அதிலுள்ள கவிதை ஒன்றின் அடிகளோடு இந்தக் கல்லின் வரிகள் ஒத்துப்போயின. அக்கவிதையில் சிலுவைமரமே பேசுகிறது: தன்மேல் அறையப்பட்டவரைத் தாங்கி நின்ற வேதனையைத் தன் வாயாலேயே சொல்கிறது.

1887இல் சிலுவை மீண்டும் தேவாலயத்திற்குள் வந்தது. கூரை உயரம் போதாததால் தரையில் குழி தோண்டி நிறுத்தினார்கள். டங்கன் உச்சித் துண்டை முன்பின்னாக மாற்றி வைத்துவிட்டார். அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது.