ஒரு காலின் கணக்கு

புறப்படத் தயாராக நிற்கும் அரசு பஸ்ஸில் கோர்ட் அமீனா ஏறுகிறார். கண்டக்டரிடம் உத்தரவைக் காட்டுகிறார். முன்கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. பயணிகள் முணுமுணுத்தபடி பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். ‘நஷ்டஈடு வழங்காததால் அரசு பஸ் ஜப்தி’ என்று மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி வரும். தமிழ்நாட்டில் இது பழகிப்போன செய்தி. அந்த நாலு வரிக்குள் ஒரு தொகையும் இருக்கும். ஒரு காலுக்கோ கைக்கோ அந்த விலையை யார், எப்படிப் போட்டார்கள்? அந்தக் கணக்குக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை உண்டு. அதில் முக்கியமான ஒரு திருப்பம் தாராபுரத்துக்குப் பக்கத்தில் நடந்தது.

1947 செப்டம்பர் 20. தாராபுரத்துக்கும் பழனிக்கும் இடையே ஓடிய தனியார் பஸ் ஒன்று புளியம்பட்டி அருகே விபத்துக்குள்ளானது. படுகாயமடைந்த பயணி ஒருவர் மூன்றாம் நாள் இறந்துபோனார். அப்போது விபத்துக்கென்று தனித் தீர்ப்பாயம் கிடையாது. 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டு, சிவில் கோர்ட்டில் நீதிமன்றக் கட்டணம் கட்டித்தான் வழக்குப் போட வேண்டும். குடும்பம் போட்டது. வழக்கு படிப்படியாக ஏறி, 1961இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சுப்பாராவ் எழுதிய தீர்ப்போடு முடிந்தது. மனைவி மக்களுக்கு வருமான இழப்பாக 25,200 ரூபாயும், அற்பாயுளில் போன உயிருக்காக 5,000 ரூபாயும் நிலைத்தன. இதற்குப் பதினாலு வருஷம் ஆயிற்று. கோபால்ட் மோட்டார் சர்வீஸ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் இடம்பெறுவது இதுதான். இறந்தவர் இருந்திருந்தால் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்திருப்பார் என்று பார்க்கிற இங்கிலாந்து வழக்கம் இந்த வழக்கின் வழியாக இந்தியாவில் வேர்விட்டது.

அதே காலத்துக் காப்பீட்டுச் சட்டத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 1946இல். வாடகை வண்டியில் போகும் பயணிக்கு அது உச்சவரம்பு வைத்திருந்தது. ஆறு பேருக்கு மேல் ஏறாத வண்டி என்றால் தலைக்கு 4,000 ரூபாய். அதைவிடப் பெரிய வண்டி என்றால் 2,000. டாக்சியில் உடைந்த காலுக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டியதில் பாதிதான் பஸ்ஸில் உடைந்த காலுக்கு. இந்த வரம்புகளைப் பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். மூன்றாம் நபரின் மரணத்துக்கும் காயத்துக்கும் வரம்பே இல்லை என்ற நிலை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது.

இதற்கிடையே 1956இல் ஒரு திருத்தம். சிவில் கோர்ட்டை விட்டு விலகி, விபத்து வழக்குகளுக்கென்றே தீர்ப்பாயங்கள் அமைக்க வழி பிறந்தது. தமிழ்நாட்டு வக்கீல்களும் கட்சிக்காரர்களும் ‘எம்.சி.ஓ.பி.’ என்று சொல்லும் மனு இங்கேதான் தாக்கலாகிறது. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே ஒரு சிறு தொகை தரும் ஏற்பாடு 1982இல் வந்தது: உயிரிழப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500.

வண்டி நிற்காமல் போய்விட்டால்? அதே 1982இல் அதற்கும் ஓர் ஆறுதல் தொகை வந்தது. பலத்த காயத்துக்கு அன்று 1,000 ரூபாய். 2022 முதல் 50,000.

தீர்ப்பாயம் வந்த பிறகும் தொகையில் ஒழுங்கு வரவில்லை. ஒரே மாதிரிக் காயத்துக்கு ஓர் ஊரில் ஒரு தொகை, அடுத்த ஊரில் வேறொன்று. இதைச் சீராக்கவே 1994இல் சட்டத்தோடு ஓர் அட்டவணை சேர்த்தார்கள். அதிலேயே கணக்குப் பிழைகள். ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவதுதான் முறை. ஆண்டுக்கு 3,000 ரூபாய் வருமானம், பெருக்கும் எண் 15 என்றால் 45,000 வர வேண்டும். அட்டவணை 60,000 என்றது. 1996இல் உச்ச நீதிமன்றமே இதை எடுத்துக்காட்டியது. கடைசியில் 2009இல் சரளா வர்மா வழக்கில் நீதிமன்றம் இந்தப் பெருக்கும் எண்களை ஒரே பட்டியலாகப் போட்டுக்கொடுத்தது: வயது 15 முதல் 25 வரை 18, பிறகு 30 வரை 17 என்று படிப்படியாக இறங்கி, 65ஐத் தாண்டியவர்களுக்கு 5. இன்றைய தீர்ப்புகள் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் நிற்கின்றன.

காயமடைந்தவர்களைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் 2010இல் ராஜ்குமார் வழக்கில் வந்தது. டாக்டர் தரும் சான்றிதழில் உள்ள சதவீதம் வேறு, பிழைப்பில் விழும் அடி வேறு என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. இடது கை போன ஒருவருக்கு 60 சதவீத ஊனம் என்று வைத்துக்கொள்வோம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பு அநேகமாக முழுதும் போயிற்று. அரசு அலுவலக குமாஸ்தா என்றால் வேலையும் போகாது, சம்பளமும் நிற்காது. கை ஒன்றேதான், இழப்பு ஒன்றல்ல. 2020இல் வலது கையை இழந்த ஒரு டைப்பிஸ்ட் இளைஞருக்கு, உயர் நீதிமன்றம் 45 ஆகக் குறைத்த வருமான இழப்பை உச்ச நீதிமன்றம் 65 சதவீதமாக உயர்த்தியது.

இப்போது கணக்கைப் போட்டே பார்க்கலாம். வயது 30, மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் பெயின்டர். சாரத்தில் ஏற முடியாதபடி கால் போய், பாதி பிழைப்பு கெட்டது. எதிர்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்பதற்காக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 16,800; ஆண்டுக்கு 2,01,600. அதை 17ஆல் பெருக்கி, பாதியாக்கினால் 17,13,600 ரூபாய். அதே காயம், அதே கூலி, ஆனால் வயது 48 என்றால் சேர்ப்பு 25 சதவீதம், பெருக்குவது 13ஆல், கிடைப்பது 11,70,000. ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனை, துணைக்கு இருந்தவருக்கான செலவு, வட்டி எல்லாம் இதற்கு மேல்.

எலும்பு கூடி, பழைய வேலைக்கே திரும்பிவிட்டவருக்கு இந்தப் பெருக்கல் கிடையாது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கப்படி ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுப்பார்கள். முன்பு சதவீதத்துக்கு 1,000 ரூபாயாக இருந்தது 2,000, 3,000 என்று ஏறி, அண்மைத் தீர்ப்புகளில் 5,000 வரை வந்திருக்கிறது. 20 சதவீதம் என்றால் ஒரு லட்சம். லட்சத்துக்கும் 17 லட்சத்துக்கும் நடுவே இருப்பது ‘இனி அந்த வேலையைச் செய்ய முடியுமா’ என்ற ஒரே கேள்வி.

இன்னொரு கேள்வி வருமானச் சான்று. மாதச் சம்பளக்காரருக்குச் சீட்டு இருக்கிறது. கூடை சுமப்பவருக்கு என்ன இருக்கிறது? 2011இல் ஒரு கூலித் தொழிலாளி மாதம் 4,500 என்று சொன்னதையும், 2014இல் கர்நாடகக் காய்கறி வியாபாரி ஒருவருக்கு 6,500 என்பதையும் உச்ச நீதிமன்றம் ரசீது கேட்காமல் ஏற்றது. தீர்ப்பாயங்கள் இந்த எண்களைத்தான் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகின்றன. வழக்கை இழுக்க விரும்பாதவர்கள் மக்கள் நீதிமன்றத்தில் ராஜிக்குப் போகிறார்கள். பணம் சீக்கிரம் வரும். தொகை குறைவு என்று பிறகு மேல்முறையீடு போக முடியாது.

மனு போடும் கெடுவுக்கும் ஒரு கதை உண்டு. முதலில் 60 நாள், பிறகு ஆறு மாதம், 1994இல் கெடுவே இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு மாதத்தைத் திரும்பக் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலாக்கியது. கட்டு பிரிக்கும் முன்பே முதல் தகவல் அறிக்கையின் நகலையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.